பேஸ்காரர் ஒண்ணும் அவருடைய எட்டாவது பாட்டும்

"நிறுத்து, நிறுத்து. ஒண்ணு எங்க போச்சு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேஸ்காரர் ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் போட்டுவிட்டுக் கூரையைப் பார்க்கிறார். சாக்ஸபோன் வாசிக்கும் பள்ளி ஆசிரியை வாயிலிருந்து கருவியை எடுத்து ஈரத்தைத் துடைக்கிறார். இந்தப் பக்கம் நான் பதிவை நிறுத்துகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இது பதினோராவது தடவை.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் எல்லாருக்கும் அவர் 'ஒண்ணு'. அவருடைய குழு வாசிப்பது ஃபங்க்கும் ஆசிட் ஜாஸும். ஃபங்க்கில் நாலு தட்டு உண்டென்றால் முதல் தட்டில் எல்லாரும் ஒன்றாக வந்து விழ வேண்டும். மற்ற மூன்றில் அவரவர் இஷ்டம். அதன் மேல் ஜாஸ் சுரங்களையும் சாக்ஸபோனையும் ஏற்றி, ஆட வைக்கிற மாதிரி ஓட்டினால் அது ஆசிட் ஜாஸ். இவ்வளவுதான் எனக்கு அவர் நடத்திய பாடம். "ஒண்ணுல விழுந்தா குடும்பம், விழலைன்னா கூட்டம்" என்பார். இருபது வருஷமாக அதையே சொல்லிச் சொல்லி, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

வாசிப்பது பேஸ் கிட்டார். பிழைப்பு, லிஃப்ட் ரிப்பேர். வேலையிலிருந்து நேராக வருவார். சட்டைப்பையில் டெஸ்டர் செருகியிருக்கும். சோப்புத்தூள் போட்டு முழங்கை வரை கழுவி, நகக்கண்ணில் கறுப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் கிட்டாரைத் தொடுவார். உட்கார்ந்து வாசிக்க மாட்டார். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். அவரிடம் நான் விட்டுக்கொடுத்தவற்றில் அதுதான் மிகச் சின்னது.

என் ஒலிப்பதிவுக்கூடத்தில் அவர்களுடைய முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய ஒப்புக்கொண்டபோது, ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் முடியும் என்றார். எட்டுப் பாட்டு. எல்லாம் ஊர்க் கஷ்டம். நிறுத்திவிட்ட பேருந்து ஒன்று, பள்ளிக்கூடத்தின் ஒழுகுகிற கூரை ஒன்று, மருத்துவமனை வரிசை ஒன்று. கஷ்டத்தைப் பாடுகிறவர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் பாடுவார்கள். இவர் அப்படிச் செய்ய மாட்டார். பேருந்துப் பாட்டில் 'அரை மணி நேரம் நின்னோம்' என்று ஒரு வரி வருகிறது. அது சரியா என்று பார்க்க ஒன்பது நாள் காலையில் அந்த நிறுத்தத்தில் கடிகாரத்தோடு நின்றிருக்கிறார். சராசரி இருபத்தாறு நிமிஷம். வரியை மாற்றினார். 'இருபத்தாறு நிமிஷம்' என்று பாட்டுக்காரி பாடும்போது அவருடைய நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

பாட்டுக்காரி பள்ளி வேன் ஓட்டுகிறவர். பொறுமைசாலி. அவரே ஒருநாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இது பாட்டா, புகார் மனுவா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான். ஆனா ஒண்ணுல விழணும்" என்றார் ஒண்ணு.

எட்டாவது பாட்டில்தான் வினை பிடித்தது. ஆல்பத்துக்கே அதன் பெயரைத்தான் வைத்திருந்தார்: 'பழுது நீக்கப்படுகிறது.' பத்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட்டின் மேல் தொங்கும் பலகையில் எழுதியிருப்பது அது. ஒன்பதாவது மாடியில் ஒரு தையல்கார அம்மா. ஒரு கால் வலுவில்லாதவர், ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. லிஃப்ட் நின்ற நாளிலிருந்து அவர் கீழே இறங்கவில்லை. துணியெல்லாம் கயிற்றில் கட்டிய வாளியில் மேலே போகிறது, தைத்துக் கீழே வருகிறது. பாட்டின் முக்கிய வரி, 'பதினாலு மாசமா லிஃப்ட் வரலை'. நல்ல வரி. அதற்கு அடியில் ஒண்ணுவின் பேஸ் மூன்று சுரம் ஏறி நின்றுவிடும், நாலாவதுக்குப் போகாது. முதல் தடவை கேட்டபோது எனக்குக் கை சிலிர்த்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு தடவை வாசிப்பார்.

பதிவு செய்தோம். அடுத்த மாதம் வந்து, "தம்பி, வரி பொய்யாயிடுச்சு. இப்ப பதினஞ்சு" என்றார்.

"ஒரு மாசம்தானே. யார் எண்ணப் போறாங்க?"

"அந்தம்மா எண்ணுவாங்க."

மறுபடி பாட வைத்தார். அதற்கடுத்த மாதம் பதினாறு. அவருடைய மனைவியின் தம்பிதான் கீபோர்டு வாசிக்கிறவர். எல்லாரும் 'மச்சான்' என்றே கூப்பிடும் அவர், "மாமா, இப்படியே போனா இருபது வந்துடும். இருபதுக்குத் தாளம் இடிக்கும்" என்றார். கிண்டல்தான். ஒண்ணு விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆமா, இடிக்கும். அதுக்குள்ள முடிக்கணும்" என்றார்.

முடிப்பதற்கு அவர் கண்ட வழி, அந்த அம்மாவுக்கே போய்ப் பாட்டை வாசித்துக் காட்டுவது. அனுமதி வாங்காமல் வெளியிடக் கூடாதாம். போனில் போட்டுக் காட்டலாம் என்றேன். "அவங்க கதையை அவங்களுக்குப் போன்ல சொல்றதா?" என்றார். அந்தச் சனிக்கிழமை குழுவின் ஏழு பேரும் நானும், டிரம்ஸைப் பிரித்துப் பகுதி பகுதியாகத் தூக்கிக்கொண்டு, ஒன்பது மாடி ஏறினோம். கீபோர்டின் கால் என் தோளில். ஐந்தாவது மாடியில் மச்சான் படியில் உட்கார்ந்து, "எங்க அக்கா இந்த ஆளை எப்படிக் கட்டிக்கிட்டா" என்று என்னிடம் கேட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே கீபோர்டின் காலைத் தோள் மாற்றினேன்.

நடைபாதையில் வைத்து வாசித்தார்கள். கதவுகள் திறந்தன. சனங்கள் வந்து சுவரோரம் நின்றார்கள். தையல்கார அம்மா வாசல்படியில் ஒரு ஸ்டூலில், கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜன்னலோரம் உக்காந்து வானத்தைப் பாக்குறேன்னு பாடுறீங்களே, அது யாரு?"

"நீங்கதான்க்கா" என்றார் ஒண்ணு.

"எனக்கு ஏது நேரம் ஜன்னல் பாக்க? தலைக்கு மேல வேலை கிடக்கு. பாவம்னு சொல்லுங்க, பரவால்ல. சும்மா உக்காந்திருக்கேன்னு சொல்லாதீங்க." அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "நீங்க லிஃப்ட் மெக்கானிக்காமே?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"அப்ப ஏன் பாடிட்டிருக்கீங்க?"

ஒண்ணுவுக்கு முகம் வெளிறிவிட்டது. "எங்க கம்பெனிக்கு இந்தக் கட்டடம் இல்லக்கா. ஹவுசிங் ஆபீஸ் உத்தரவு இல்லாம நான் கை வெச்சா சட்டப்படி தப்பு."

"பாடுறதுக்கு யார்கிட்ட உத்தரவு வாங்குனீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. ஊசியில் நூல் கோக்கிற குரலில் கேட்டார். ஒண்ணு கிட்டாரை உறையில் போட்டார். இறங்கும்போது டிரம்ஸின் பெரிய பகுதியைத் தனியாகத் தூக்கிக்கொண்டார். யாரையும் தொட விடவில்லை.

அதன் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆளைக் காணோம். வெளியீட்டுக்கு அரங்கம் சொல்லியாகிவிட்டது. அட்டை அச்சுக்குப் போயாகிவிட்டது. போன் எடுக்கவில்லை. மச்சான் இனி வரமாட்டேன் என்றார், அடுத்த வாரம் வந்தார். கடைசியில் ஒண்ணுவின் மனைவிதான் எனக்குப் போன் செய்தார்.

"உங்க ஒண்ணு லீவு நாள்ல அந்தக் கட்டடத்து மிஷின் ரூமுக்குப் போயிருக்காரு. குடியிருக்கிறவங்க ரெண்டு பேரைச் சாட்சிக்கு நிக்க வெச்சுக்கிட்டு, எதையும் தொடாம பாத்துட்டு வந்து, நாலு பக்கம் எழுதியிருக்காரு. எந்த பார்ட் போச்சு, பிரேக்ல என்ன தேய்மானம், கதவுப் பூட்டு ஏன் ஆபத்து, எல்லாம். கீழ தன் லைசென்ஸ் நம்பரைப் போட்டுக் கையெழுத்து. கட்டடமே அடியில கையெழுத்துப் போட்டு ஹவுசிங் ஆபீஸுக்கும் லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கும் குடுத்தாச்சு. கம்பெனியில கூப்பிட்டு, யாரைக் கேட்டு நம்பரைப் போட்டேன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. விசாரணையாம். வேலை போச்சுன்னா நாங்க உங்க ஸ்டூடியோவுக்குத்தான் குடி வருவோம். சமையக்கட்டு இருக்கா அங்க?"

இருக்கிறது, சின்னது என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் அவர் வந்தார். சட்டைப்பையில் டெஸ்டர் இல்லை. "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க" என்று கேட்டேன். அவரிடம் நான் உண்மையாகவே பயந்து பேசியது அன்றுதான்.

"அந்தம்மா கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியலை தம்பி. தேடிட்டுப் போனேன்." அப்புறம், "எத்தனையாவது மாசம் இப்ப?"

பதினேழு. பாட்டுக்காரி மைக் முன்னால் போய் நின்றார். பழைய 'ஜன்னலோரம்' வரி போய், அந்த அம்மா சொன்னபடி 'எனக்கு ஏது நேரம் ஜன்னல் பாக்க' என்றே வரி வந்தது. ஒரே டேக்கில் முடிந்தது. ஒண்ணு விரலைத் தூக்கவில்லை. அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது.

வீட்டுவசதி அலுவலகம் அதுவரை 'காரணம் ஆராயப்படுகிறது' என்றே பதில் எழுதிக்கொண்டிருந்தது. இப்போது காரணம் கையெழுத்தோடு மேசையில் கிடந்தது. நாளைக்கு யாராவது விழுந்தால், தெரியாது என்று சொல்ல முடியாது. பதினெட்டாவது மாதம் இரண்டாவது வாரத்தில் ஆட்கள் வந்து லிஃப்ட்டைச் சரி செய்துவிட்டார்கள். விசாரணையில் கம்பெனி அவரை எச்சரித்துத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் வேறு பிரிவில், கிடங்கில், உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு. லிஃப்ட் பக்கமே போக வேண்டாம் என்று உத்தரவு. "நிழல்ல வேலை" என்றார். அவருக்கு அது எவ்வளவு வலித்தது என்பதை, அந்த வாரம் அவர் கிட்டாரின் கம்பிகளை இரண்டு முறை மாற்றியதை வைத்து நான் கணக்குப் பண்ணிக்கொண்டேன்.

வெளியீட்டுக்குப் பத்து நாள் இருந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"எட்டாவது பாட்டை எடுத்துடுவோம் தம்பி."

"எதை?"

"லிஃப்ட்தான் வந்துடுச்சே. இனிமே 'வரலை'ன்னு பாடினா பொய்."

நான் கத்தினேன். ஆல்பத்தின் பெயரே அந்தப் பாட்டு என்றேன். நாலு மாதம் என்றேன். ஒன்பது மாடி என்றேன். மச்சான் கீபோர்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், எல்லாச் சுரமும் ஒன்றாக அலறியது. ஒண்ணு அசையவில்லை. ஆற்றாமல் நான் தையல்கார அம்மாவுக்கே போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஸ்டூடியோ எங்க இருக்கு?" என்றார்.

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். பதினெட்டு மாதத்துக்குப் பிறகு தெருவில் நடந்து வந்திருக்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை. நாற்காலியில் உட்கார்ந்து ஊன்றுகோலைச் சாத்திவிட்டு, பாட்டை முழுசாகக் கேட்டார்.

"இப்ப வந்துடுச்சுன்னா, நான் மேல கிடந்தது இல்லாமப் போயிடுமா?" என்று ஒண்ணுவிடம் கேட்டார்.

"இல்லக்கா. ஆனா 'பதினெட்டு மாசமா வரலை'ன்னா இன்னும் வரலைன்னு அர்த்தமாகுது."

"'மாசமா'வுல கடைசி 'ஆ'வை மட்டும் பிரிச்சிடுங்க. 'பதினெட்டு மாசம் லிஃப்ட் வரலை.' தையல் ஒண்ணைப் பிரிச்சா துணி போயிடாது."

பாட்டுக்காரி மெதுவாகப் பாடிப் பார்த்தார். 'ஆ' இருந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தில் டிரம்ஸ்காரர் வாசிக்காமல் விட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த தட்டில் எல்லாரும் ஒன்றாக விழுந்தார்கள். அந்த டேக்தான் ஆல்பத்தில் இருக்கிறது.

வெளியீட்டுக்கு முந்தைய நாள் பகலில் ஆல்பத்தின் முந்நூறு பிரதிகளும் அச்சகத்திலிருந்து என் கூடத்துக்கு வந்து இறங்கின. ஒண்ணு ஒன்றைப் பிரித்து அட்டையின் உள்பக்கத்தைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் படித்தார். 'எல்லாப் பாடல் வரிகளும்' என்ற இடத்தில் அவருடைய பெயர் மட்டும் இருந்தது.

"எட்டாவது பாட்டுல ரெண்டு வரி அந்தம்மாவுது" என்றார்.

"அச்சாகிடுச்சுங்க. அடுத்த பதிப்புல போட்டுக்கலாம்."

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பேனாவை எடுத்து, தன் பெயருக்குப் பக்கத்தில் அந்த அம்மாவின் பெயரை நிதானமாக எழுதி, மை காய ஊதி, ஓரமாக வைத்தார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார்.

"முந்நூறுமா?" என்று கேட்டேன்.

அவர் அடுக்கில் பாதியை இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளி, இன்னொரு பேனாவின் மூடியைக் கழற்றி, அதன் மேல் வைத்தார்.