தோணியின் வாலில் சொட்டிய தண்ணீர்

தூத்துக்குடியில் கரையேற்றி நிறுத்தியிருக்கும் பெரிய தோணிகளைப் பார்க்க எப்படிப் போவது என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நான் போனது ஒரே தடவை, எண்பதுகளின் தொடக்கத்தில். ஆசைப்பட்டெல்லாம் போகவில்லை. என் வீட்டுக்காரரைக் கடலுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு பண்ணப் போனேன்.

அவர் சங்கரன்கோவிலில் பம்புசெட் மெக்கானிக். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. குருவிகுளம் பக்கம் கிணறுகள் வறண்டு கிடந்தன. தண்ணீரே இல்லையென்றால் பம்புசெட் எதற்கு, மெக்கானிக் எதற்கு? அப்போதுதான் பாய் கட்டி ஓடிய தோணிகளுக்கு டீசல் மிஷின் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். தூத்துக்குடி முதலாளி ஒருவர் கூப்பிட, இவர் போய் மிஷினைப் பொருத்திவிட்டு வந்தார். அதே தோணியில் மிஷின்காரராகக் கொழும்புக்குப் போய்வர வேண்டும் என்பதும் பேச்சு. மனுஷனுக்கு நீச்சல் தெரியாது. தோணியைக் கண்ணால் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன்.

காலை ஐந்தரை மணி பஸ். கழுகுமலை வழியாகக் கோவில்பட்டிக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர், அங்கே மாறினால் தூத்துக்குடி இன்னும் அறுபது. டிக்கெட் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள், விடுங்கள். வழியெல்லாம் கரிசல் காடு. அதில் ஒரு பொட்டுத் தண்ணீரைப் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்குக் கண் மூடவில்லை. இவர் பாட்டுக்கு ஜன்னலோரம் தூங்கினார்.

தோணி என்றால் நான் நினைத்திருந்தது ஆற்றுப் பரிசலை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தோணிப் பட்டறைக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் தெருவில் மூன்று வீட்டைச் சேர்த்து வைத்த நீளம். அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம். அத்தனை பாரமும் இருபக்கமும் சாய்த்து வைத்த முட்டுக்கட்டைகளில் நின்றது. அடியில் ஆட்கள் சாவகாசமாகப் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டை வழுக்கினால் என்ன ஆகும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னட்டி வெறச்சுப் போய் நிக்க? கிட்ட வா" என்றார் இவர்.

கிட்டே போனால் தோணியின் பலகை இடுக்குகளிலிருந்து தண்ணீர் வடிகிறது. ஓர் இடத்தில் இல்லை, பத்து இடத்தில். எனக்கு உசிரே போய்விட்டது. "ஓட்டைத் தோணியில ஒங்கள அனுப்பவா பாக்காவ? வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அந்தோணி என்று ஒரு மேஸ்திரி, பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிறவர், சிரித்துக்கொண்டே வந்தார். "தங்கச்சி, நாங்கதான் உள்ள தண்ணி விட்டிருக்கோம். இப்ப வெளிய ஒழுகுத எடந்தான் நாளைக்குக் கடல்ல உள்ள வாங்கும். அடையாளம் வச்சி அடச்சிருவோம்."

சொன்னபடியே ஒழுகிய இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். பஞ்சைத் திரித்து உளியால் அடித்து இறக்கினார்கள். ஒழுக்கு ஒவ்வொன்றாக நின்றது. நான் நம்பவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து, தோணியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கை எட்டுகிற இடத்தையெல்லாம் தடவிப் பார்த்தேன். பின்பக்கம் வந்தபோது, தோணியைத் தள்ளும் காற்றாடி மாட்டிய மிஷின் தண்டுக்குப் பக்கத்தில் விரல் நனைந்தது. அங்கே சுண்ணாம்புக் கோடு இல்லை.

"இங்கன ஒழுகுது" என்றேன்.

"அது மிஷின்காரர் பாடும்மா. பலகைதான் எங்க வேலை" என்றார் மேஸ்திரி.

மிஷின்காரர் என் பக்கத்தில்தான் நின்றார். "அது நானே லூசா விட்டதுட்டி. தண்டச் சுத்தி அடச்ச கயித்த ரொம்ப இறுக்குனா சூடாகிக் கருகிரும். நம்மூர்ல எல்லாப் பம்புசெட்டும் சொட்டத்தான செய்யி?"

"பம்புசெட்டுல சொட்டுனா கிணத்துக்குள்ள விழும். இங்கன எங்க விழும்?"

மேஸ்திரிதான் மெதுவாகச் சொன்னார்: "ஓடும்போது ரெண்டு சொட்டு விழட்டும், தப்பில்ல. மிஷின் நின்னா அதுவும் நிக்கணும் தம்பி. நங்கூரம் போட்டு எல்லாரும் ஒறங்கும்போது தண்ணி ஏறுனா யாருக்குத் தெரியும்?"

இவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தோணிக்குள் ஏறினார். பழைய கயிற்றைப் பிடுங்கிப் புதுசு சுற்றினார். மூன்று முறை இறங்கி வந்து தொட்டுப் பார்த்தார், ஒவ்வொரு முறையும் விரலை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். காலையில் பஸ்ஸில் குறட்டை விட்ட மனுஷன்தான். அவருக்கும் பயம் வந்ததைப் பார்த்ததும்தான் எனக்குத் தைரியம் வந்தது.

வெயில் தாழ்ந்தபோது அந்த இடம் காய்ந்திருந்தது. "நான் போகட்டுமா?" என்று கேட்டார். குரலில் பயம் இருந்தது. "போயிட்டு வாங்க" என்றேன்.

நீங்கள் போவதாக இருந்தால் காலையிலேயே போங்கள். வாசலில் அனுமதி கேட்காமல் நுழையாதீர்கள். முட்டுக்கட்டையில் சாயாதீர்கள், குழந்தைகளையும் சாய விடாதீர்கள். தோணிக்குள் தண்ணீர் விடும் நாள் எது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது அதுதான்.

அவர் எத்தனையோ தடவை போய்த் திரும்பி வந்தார். இப்போதும் வீட்டுக் குழாய் சொட்டினால் சோற்றுக் கையோடு எழுந்து போய் இறுக்கிவிட்டுத்தான் மறுபடி உட்காருவார். நான் சிரிப்பதில்லை.