திருத்தி அனுப்பிய வாக்கியங்கள்

மானிப்பாயில் என் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் அனேகமாக வெளிநாடு போக இருப்பவர்கள். கேள்விகளும் அனேகமாக ஒன்றுதான்: 'இஸ்' எங்கே வரும், 'ஆர்' எங்கே வரும், 'ஹாவ்' எப்போது 'ஹாஸ்' ஆகும். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலம் முழுக்க இவற்றுக்குப் பதில் சொன்னவன் என்பதால் கேட்டவுடன் விடை வாயில் வந்துவிடும். கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று யோசிக்கும் பழக்கம் எனக்கு இருக்கவில்லை. அதனால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

சென்ற வருடம் குருநகரிலிருந்து ஒரு மீனவர் படிக்க வந்தார். முப்பது வயதிருக்கும். மனைவியும் கைக்குழந்தையும் உண்டு. தாய்லாந்தில் கணினியில் தட்டெழுதும் வேலை ஒன்றை ஏஜென்சிக்காரர் பிடித்துத் தருகிறார், ஆங்கிலம் பிழையில்லாமல் எழுதினால் போதும் என்றார். கெட்டிக்காரர். கேள்வி கேட்காமல் எதையும் ஏற்கமாட்டார்.

"சேர், எஸ் போட்டாப் பன்மை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பிறகேன் ஒரு ஆள் செய்யிற வேலைக்கு எஸ்?"

"அது பெயருக்கு. இது வினைக்கு. வெள்ளைக்காரன் தனி ஆளைக் கண்டால் இரங்கி ஒரு எஸ் குடுப்பான்."

"அப்ப 'நான்' எண்டு எழுதேக்கை மட்டும் ஏன் இல்லை? நானும் தனி ஆள்தானே!"

"உமக்குத்தான் மனிசி இருக்குதே" என்றேன். விறாந்தை முழுவதும் சிரித்தது.

சில வாரங்களில் ஏஜென்சி பயிற்சிக்கென்று கொடுத்த வாக்கியங்களைக் கொண்டுவரத் தொடங்கினார். 'என் கணவர் இறந்துவிட்டார். நானும் என் மகளும் தனியாக வாழ்கிறோம்.' இதில் 'லிவ்' வருமா 'லிவ்ஸ்' வருமா என்று கேட்டார்.

"நீர் எப்ப ஐசே விதவையானீர்?"

"கதைச்சுப் பழகத் தந்திருக்கினம் சேர். எனக்கும் சிரிப்பாத்தான் கிடக்கு."

நான் அந்தச் சிரிப்போடு விட்டுவிட்டேன். தட்டெழுதப் போகிறவருக்கு விதவையின் பேச்சு எதற்கு என்று மனதில் ஒரு கேள்வி எழாமலில்லை. ஆனால் என்னிடம் படித்த ஒருவர் வெளிநாட்டுக் கம்பனிக்குத் தெரிவாகிறார் என்ற பெருமை அதற்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் மனைவி ஒரு நாள் குழந்தையோடு வந்து, "நீங்கள் படிச்சனீங்கள் சேர். இவரை அங்கை நம்பி அனுப்பலாமோ?" என்று கேட்டார். "பயப்படாமல் அனுப்பும் பிள்ளை" என்றேன்.

அவர் தாய்லாந்து போனபின் மனைவிக்கு 'சுகமாக இருக்கிறேன்' என்ற ஒரு வரி மட்டும் எப்போதாவது வரும். எனக்கு வாட்ஸப்பில் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. ஒரு வாக்கியம், அதன் கீழே எது சரி என்ற கேள்வி. 'என் குடும்பத்தில் எல்லோரும் விபத்தில் இறந்துவிட்டார்கள்', ஹாஸா ஹாவா? 'நீங்களும் நானும் மட்டுமே இதை அறிவோம்', நோவா நோஸா? நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விதியையும் விளக்கி, திருத்தி அனுப்பினேன். மறந்துபோகாமல் கேட்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். உண்மை அதுதான்.

பிறகு ஒரு மத்தியானம் இது வந்தது: 'உங்கள் ஓய்வூதியப் பணம் என்னிடம் பத்திரமாக இருக்கும். உங்கள் பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம்.' சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அதைப் பலமுறை வாசித்தேன். எங்கோ என்னைப் போலத் தனியாக இருக்கும் ஒரு கிழவனுக்கு எழுதப்பட்டது அது. முன்னால் வந்தவையும் அப்படியே. பிழையில்லாத விதவையாக அவரை ஆக்கியவன் நான்.

'இப்படியான வாக்கியங்களை இனித் திருத்தமாட்டேன்' என்று எழுதினேன். பதிலாக அதே வாக்கியம் மறுபடி வந்தது. கூடவே ஒரு சொல்: ப்ளீஸ். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்று என்னை ஒரு நேர்மையான மனிதனாகவே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை அவர் மனைவி போனைக் கையில் பிடித்தபடி வந்தார். கணவரின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. குழறிக் குழறிப் பேசினார். வழுக்கி விழுந்து பல் உடைந்துவிட்டது, வேலையில் பிழை விட்டால் இங்கே கோபிப்பார்கள், சேரிடம் சொல், சேரிடம் சொல் என்று இரண்டு தரம் சொன்னார்.

"என்ன சொல்லச் சொல்லுறார் சேர்?"

வந்த வாக்கியங்கள், அவற்றைக் காட்டிக் கிழவர்களின் பணத்தைப் பறிப்பது, நான் திருத்த மறுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நீங்கள் ஏன் திருத்தி அனுப்பேல்லை?"

"அது களவு, பிள்ளை. வேறை ஆரோ ஒரு பாவப்பட்ட மனிசன்ரை…"

"போகச் சொல்லேக்கை உது தெரியேல்லையோ உங்களுக்கு?"

பொலிசுக்குப் போனோம். முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஏஜென்சி இருந்த மாடிக்கும் போனோம். பெயர்ப்பலகை கழற்றப்பட்டிருந்தது, கீழே பாண் கடைக்காரருக்கு எதுவும் தெரியவில்லை. கணவருடைய இலக்கத்துக்கு அழைத்தால் மணி அடிக்கும், எடுப்பதில்லை.

கேள்வி மட்டும் மறுபடி வந்தது. அவர் மனைவி என் எதிரே இருந்த நேரம். கணவர்தான் எழுதுகிறாரா, அவருடைய போனை வைத்து வேறு யாராவது எழுதுகிறார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை. 'யார் இது' என்று கேட்டால் என்ன நடக்குமோ என்று இருவருக்கும் பயம்.

"இவரோ சேர்?"

"தெரியேல்லைப் பிள்ளை."

"அனுப்புங்கோ. எனக்கு ஊர் உலகம் வேண்டாம். இவர் உயிரோடை இருந்தாக் காணும்."

அனுப்பினேன். அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் திருத்தி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். எந்த நாட்டில் எந்தக் கிழவன் அதை வாசித்து நம்புகிறானோ தெரியாது. பொலிசுக்கும் ஒவ்வொன்றையும் காட்டுகிறேன், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள். அவர் மனைவி பின்னேரங்களில் வந்து எதிரே உட்கார்ந்து, நான் தட்டெழுதி முடிக்கும்வரை என் விரல்களையே பார்க்கிறார்.

நேற்றும் கேட்டார்: "சரியாத்தானே எழுதினீங்கள் சேர்? பிழை ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றேன்.