போர்டிகோவில் ஏறிய முத்திரை

போன ஞாயிற்றுக்கிழமை அடைந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை.

வல்லத்திராக்கோட்டை பக்கம் பெரியப்பா மகன் வீட்டுப் புதுமனை புகுவிழா. அண்ணன் துபாயில் வருஷக்கணக்காக உழைத்து, ஊர் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டே கட்டிய வீடு. போர்டிகோவுக்கு மேலே, கஜலட்சுமி இருக்கவேண்டிய இடத்தில், தங்கக் கலர் பெயின்ட்டில் புதுக்கோட்டை சமஸ்தான முத்திரை... சிமென்ட்டில்!

எங்கே பிடித்தார் இதை? பூட்டனார் காலத்துக் காகிதம் ஒன்று அண்ணன் வீட்டுப் பூஜையறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. தலைப்பில் முத்திரை, கீழே கொடி கொடியாக இங்கிலீஷ் கையெழுத்து. மகாராஜா கொடுத்த பாராட்டுப் பத்திரம் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். வெள்ளிக்கிழமை தவறாமல் கண்ணாடி மேல் சந்தனம், குங்குமம். மை வேறு மங்கிவிட்டது. முத்திரையில் இருப்பது சிங்கம், வீரத்துக்கு அடையாளம் என்பார் அண்ணன். குதிரை என்பார் மதினி. கொத்தனார் பாவம், இரண்டுக்கும் பொதுவாக ஒன்றைச் செய்து வைத்திருந்தார்.

“நீ பத்திரிகைக்காரன். இதோட அர்த்தத்த மைக்குல நாலு வார்த்த சொல்லுப்பா. சம்பந்தி வீட்டு ஆளுக வந்திருக்காக” என்றார் அண்ணன். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பேசுவதற்கு முன் படித்துவிடலாமே என்று சட்டத்தை இறக்கிக் குங்குமத்தைத் துடைத்தேன். படித்தேன். இன்னொரு முறை படித்தேன்.

பாராட்டாவது, பத்திரமாவது! கண்மாய் மடையை உடைத்துத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பி, கீழூர்ப் பயிரைக் காயவிட்ட பூட்டனாருக்கு சமஸ்தானம் விடுத்த எச்சரிக்கை அது. இன்னொரு தடவை செய்தால் ஜெயில்! விருதிலும் அரசு முத்திரை இருக்கும், ஜப்தி நோட்டீஸிலும் இருக்கும். நாமோ மேலே இருக்கும் படத்தைக் கும்பிடுகிறோம் — கீழே இருக்கும் எழுத்தை யார் படிக்கிறோம்?

அந்தக் கீழூர் எது தெரியுமா? சம்பந்தியின் ஊர்.

அண்ணன் காதில் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. கல்யாணமே நின்றுவிடுமோ என்று மதினி கண்கலங்கினார். என்னமோ ஏதோ என்று சம்பந்தி எழுந்து வந்து, என் கையிலிருந்த சட்டத்தை வாங்கிப் பார்த்தார்.

“இதோட நகல் எங்க வீட்லயும் இருக்குங்க. புகார் குடுத்தது எங்க பூட்டனாரு. நாங்களும் சாமி படத்தோடதான் வச்சிருக்கோம்.”

சட்டத்தை அண்ணன் கையில் கொடுத்தார்.

“பொண்ணு கேட்டு வந்தப்பவே தெரியும்ங்க. இனிமேலாச்சும் மடையத் தொறக்கையில எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுத் தொறங்க, போதும்.”

அப்படியானால் அண்ணன் இப்போதும் மடையை...? நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.