வெள்ளிக்கிழமை வந்த கஞ்சி

காய்ச்சலைக் கொயினா மருந்து இறக்கும், உயிரை நேர்ச்சைதான் காக்கும் என்று எங்கள் வீட்டில் உறுதியாக நம்பியிருந்தோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டின் மார்கழி மாதம் அது. மலேரியா பள்ளத்து ஊர்களையெல்லாம் வாட்டிவிட்டு, கண்டி போகும் வழியிலுள்ள கடுகண்ணாவைக் கணவாய் வரை ஏறி வந்திருந்தது. அப்பா அங்கே புகையிரத நிலையத்தில் எழுத்து வேலை பார்த்த லிகிதர். நிலையத்துக்கு மேலேயிருந்த மண்மேட்டில் ஒரு சிறிய விடுதியில் அப்பா, அம்மா, பன்னிரண்டு வயதான நான் ஆகிய மூவரும் குடியிருந்தோம். பகலிலும் பனிமூட்டம் விலகாத நாட்கள். ஜன்னலைச் சாத்தினால் அறை இருண்டது. திறந்தால் ஈரக்காற்று அம்மாவின் கட்டிலுக்கே வந்தது. நான் அதைச் சாத்துவதும் திறப்பதுமாக இருந்தேன்.

அம்மாவின் காய்ச்சல் விட்டு ஐந்து நாட்களாகியிருந்தன. ஆனால் அது போகும்போது அவளுடைய பலத்தையும் கொண்டுபோயிருந்தது. அரிசிக் கஞ்சி, சவ்வரிசி, பாலில் நனைத்த பாண் என்று எதைக் கொடுத்தாலும் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. வைத்தியம் பார்க்க வந்த அப்போதிக்கரி, “எது தங்குதோ அதைக் குடுங்க. இனி மருந்து சாப்பாடுதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு விரைந்தார். அந்த மாதம் அவருக்கு எந்த வீட்டிலும் உட்கார நேரமிருக்கவில்லை.

அன்று மாலை அப்பா மாதா படத்தின் முன் முழந்தாளிட்டு ஒரு நேர்ச்சை செய்தார். அம்மா எழுந்து நடக்கும்வரை எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமையும் சுத்தபோசனம் தவறாது என்பதே அது. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்குவது அக்காலத்தில் எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகள் எல்லாவற்றிலும் இருந்த ஒழுங்குதான். ஆயினும் அம்மாவின் உயிரே அதில் தொங்குகிறது என்பதுபோல அப்பா அதைச் சொன்னார். சமையற்கட்டு என் பொறுப்பில் இருந்ததால், அந்த நேர்ச்சையைக் காக்கும் பொறுப்பும் என்னுடையதுதான் என்று எடுத்துக்கொண்டேன். ஞானோபதேச வகுப்பில் முதற்பரிசு பெற்றவள் நான். விலக்கப்பட்டது இறைச்சி மாத்திரமன்று, இறைச்சி வெந்த சாறும்தான் என்ற விடையைத் தூக்கத்திலும் சொல்லுவேன்.

எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. கண்டி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மனைவியை நான் மாமி என்று அழைப்பேன். அவருடைய மகளுக்கு என் வயது. அவர்களுக்கு அது நோன்பு மாதம். பொழுது சாய்வதற்கு முன் மாமி பெரிய பானையில் கஞ்சி காய்ச்சுவார். ஆட்டிறைச்சியைப் பொடியாக அரிந்து, இஞ்சி, உள்ளி, கறுவா, ரம்பை எல்லாம் சேர்த்து, அரிசி குழையக் குழைய வேகவைத்துக் கடைசியில் தேங்காய்ப்பால் விடுவார். அந்த மணம் பனியில் ஒட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து நிற்கும். அந்த வருடம் தம் வீட்டுக்குக் காய்ச்சுவதைவிடக் காய்ச்சல் கண்ட வீடுகளுக்கென்றே அவர் கூடுதலாகக் காய்ச்சினார்.

வியாழக்கிழமை மாலை அந்தக் கஞ்சி முதன்முறையாக எங்களுக்கு வந்தது. அம்மா அரைக் கோப்பை குடித்தாள். நான் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் காத்திருந்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. அம்மா தூங்கிப்போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அப்பா மாலை வேலைக்குப் போய்விட்டார். காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறைச்சிக் கஞ்சி வந்தால் என்ன செய்வது என்பதே யோசனை. அப்பாவிடம் கேட்டிருக்கலாம், விடை தெரிந்த கேள்வியை ஏன் கேட்பது என்றிருந்தது. நினைத்தபடியே, பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னர் மாமியின் மகள் மூடிய கோப்பையுடன் மேட்டில் ஏறி வந்தாள்.

“சூடு ஆற முந்திக் குடுக்கட்டாம், உம்மா சொன்னாங்க. நேத்தய விட இஞ்சி கூடப் போட்டீக்கி. நீ வாய வெச்சிராத!”

“நான் ஏன் குடிக்கிறேன்? இன்னைக்கு வெள்ளிக்கிழமை.”

“வெள்ளின்டா என்ன? எங்களுக்கு வெள்ளின்டா நல்ல நாள்” என்று சிரித்துவிட்டு, அடுத்த வீட்டுக் கோப்பையை எடுக்க இறங்கி ஓடினாள்.

கோப்பையின் மேலே கொழுப்பு பொன்னிறமாகத் திரண்டிருந்தது. துணியில் வடித்து இறைச்சியை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். சாறும் விலக்கென்ற விடை குறுக்கே வந்தது. அடுப்படிக்கும் கட்டிலுக்கும் இடையே நான்கைந்து தடவை நடந்தேன். பிறகு கொல்லைப்புறம் போய், அவ்வளவையும் தண்ணீர் வாய்க்காலில் கொட்டினேன். காலையில் மிஞ்சிய சோற்றைக் கரைத்துக் கொதிக்கவைத்து, உப்பிட்டு, அதே கோப்பையில் ஊற்றி, “மாமி அனுப்பிய கஞ்சி” என்று அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா ஒரு வாய் வாங்கினாள். என்னைப் பார்த்தாள். பிறகு இன்னொரு வாயும் வாங்கினாள். சிறிது நேரத்தில் இரண்டும் வெளியே வந்தன. அதன்பின் அவள் முகத்தில் வியர்வை அரும்பியது, கைகால்கள் சில்லிட்டன. “அம்மா” என்று உலுக்கினேன். கண் பாதி திறந்திருந்தது, பதில் வரவில்லை. கீழே புகையிரதப் பாதையில் ஒரு கோச்சி, பின்னால் ஓர் எஞ்சின் தள்ள, மூச்சு வாங்கிக்கொண்டு ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தது. அது நிலையத்தில் நின்று புறப்படும்வரை அப்பா வரமுடியாது. நான் மாமி வீட்டுக்கு ஓடினேன்.

மாமி அப்போதுதான் தொழுகைப் பாயைச் சுருட்டி வைத்தார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. மேசையில் இரண்டு பேரீச்சங்கொட்டைகள், ஒரு தண்ணீர்க் கிண்ணம், தட்டால் மூடிய ஒரு கோப்பை.

“மாமி, கஞ்சி இன்னும் கொஞ்சம் இருக்கா?”

அவருடைய முகம் மலர்ந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. “அதுக்குள்ள முடிச்சிட்டாங்களா? அல்ஹம்துலில்லாஹ்! நான் சொன்னேன்தானே, இது உள்ள போனா ஆள் எழும்பும்டு. பானையக் கழுவிட்டேனே மகள், எட்டு ஊட்டுக்குப் போகுது...”

அந்த மகிழ்ச்சியை அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் அம்மாவின் கையைத் தொட்ட குளிர் என் கையில் இன்னும் இருந்தது.

“அம்மா குடிக்கல, மாமி. நான் கொட்டிட்டேன்.”

“கொட்டினயா? கஞ்சியயா?”

“இறைச்சி போட்டது. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அப்பா நேர்ச்சை வச்சிருக்காரு. இப்ப அம்மா கூப்பிட்டாப் பேசல.”

மாமி என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். “நோயாளிக்கு எங்கட நோன்பிலயே விலக்கு ஈக்கி. ஒங்கட மார்க்கத்தில மட்டும் இல்லாமலா ஈக்கும்? யாரிட்டயாவது கேட்டயா?”

“இல்ல.”

“கேக்காமலே கொட்டிட்டாய்.”

மாமி மேசையில் மூடியிருந்த கோப்பையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, தூறலில் செருப்பும் இல்லாமல் எனக்கு முன்னால் மேடேறினார். அது நாள் முழுவதும் நோன்பிருந்தவர் தமக்கென வைத்துக்கொண்ட பங்கு என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

அம்மாவின் உள்ளங்கால்களைச் சூடு பறக்கத் தேய்க்கும்படி என்னிடம் சொல்லிவிட்டு, மாமி அவளுடைய தலையைத் தம் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். கரண்டியால் உதட்டை நனைத்தார், காத்திருந்தார், மறுபடி நனைத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தேய்த்துத் தேய்த்து என் கைகள் எரிந்தன. பிறகு அம்மாவின் தொண்டை அசைந்தது. இன்னும் சில கரண்டிக்குப் பின் கண்ணைத் திறந்தாள்.

“நோன்பு தொறந்தாச்சா?” என்று அவள் மாமியைக் கேட்டதுதான் முதற்பேச்சு.

“அதெல்லாம் ஆச்சு. குடிங்க.”

“இது நேத்து வந்த அதே கஞ்சி மாதிரி இருக்கே.”

மாமி கரண்டியை நிறுத்தினார். “ஓ, இறைச்சிக் கஞ்சிதான். வெள்ளிக்கிழமையாம். ஒங்கட மகள் பெரிய சாமியாரா ஈக்கிறா. நிப்பாட்டவா?”

“ஊத்துங்க. கோயில் சாமியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்ற அம்மா, என் பக்கம் பாராமலே, “அந்தத் தண்ணியில உப்புக் கூட, பிள்ளை” என்றாள்.

அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. என் மனம் நோகக்கூடாதென்று இரண்டாவது வாயையும் வாங்கியிருக்கிறாள்.

அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்ற மறந்தவராய்க் கதிரையில் உட்கார்ந்திருந்தார். “நோயாளிக்குச் சுத்தபோசனம் கிடையாதே, பிள்ளை. நேர்ச்சை வச்சப்ப உன்னையும் என்னையும்தான் நெனச்சேன். அதை வாய்விட்டுச் சொல்லாதது என் பிழை” என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் ஞானோபதேசப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். நான் மனப்பாடம் செய்திருந்த விடைக்கு அடுத்த பக்கத்தில் நோயாளருக்கான விலக்கு அச்சாகியிருந்தது. எங்கள் வகுப்பு அந்தப் பக்கத்தை இன்னும் எட்டியிருக்கவில்லை. எட்டும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமென்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவுமில்லை.

நோன்பு முடியும்வரை, வெள்ளிக்கிழமைகள் உட்பட, அம்மாவுக்குக் கஞ்சி வந்துகொண்டிருந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள். அதன்பின் என் பிள்ளைகளையும் கண்டு, நிறைவாக வாழ்ந்தே மறைந்தாள். அப்பாவும் போய்விட்டார்.

மாமி அந்த மாலையைப் பற்றி எவரிடமும் மூச்சுவிடவில்லை. தம் சொந்த மகளிடம்கூட. அவள் இப்போது கண்டியில், என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். எப்போது சந்தித்தாலும், “ஒங்கட உம்மாவ எழுப்பினது நான் கையில தூக்கிட்டு வந்த கஞ்சிதானே” என்று பெருமையோடு சொல்லுவாள். நானும் ஆமென்று தலையாட்டுவேன். இதை வாசித்துக் காட்ட ஒரு நாள் அவளிடம் போக வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாசல்வரை போய்த் திரும்பியதும் உண்டு. உறுதியாகத் தெரியும் என்று நினைக்கும் விஷயத்தைத்தான் முதலில் யாரிடமாவது கேட்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். கற்றதைச் சொல்லும் துணிவு இன்னும் முழுதாக வரவில்லை. அந்த இரண்டு வீடுகளிலும் இருந்தவர்களில் இப்போது எஞ்சியிருப்பவர்கள் அவளும் நானும் மட்டுமே.