டொக்டரிடம் சொல்லாத ஊர்

1. ஒரே கேள்வி

டொக்டர் கேட்டது ஒரே கேள்விதான். அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களா, வந்திருந்தால் எந்த நாட்டிலிருந்து? மாத்தளை ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டில் என் நாலு வயது மகள் நிதுஷா காய்ச்சலில் அனலாய்க் கொதித்துக்கொண்டு கிடந்தாள். நான் வாய் கூசாமல் "மொரிசியஸ்" என்றேன். டொக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

நாங்கள் வந்தது மடகஸ்காரிலிருந்து. வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே வேறொரு இரத்தச் சோதனைக்கு எழுதியிருப்பார்கள். ஆனால் கட்டிலின் மறுபக்கத்தில் என் மனைவி சுகந்தியின் அக்கா நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பயந்து சொல்லவில்லை.

நான் கார்மண்ட் ஃபெக்டரிகளில் தையல் மெஷின் மெக்கானிக். இன்றைக்கு என்னைச் சீனியர் என்கிறார்கள். வெளிநாடு போகப்போகும் மெக்கானிக் பையன்கள் என்னிடம் வந்து சம்பளம் எவ்வளவு, சாப்பாடு எப்படி, குவார்ட்டர்ஸ் தருவார்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். அதெல்லாம் ஏஜென்சிக்காரனே சொல்லிவிடுவான். அவன் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

2. கடல் இல்லாத போட்டோக்கள்

சுகந்தியின் அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அவளை வளர்த்தது சரோஜா அக்காதான். மாத்தளை டவுனில் ஒரு மிளகாய்த்தூள் மில்லில் வேலை. வீடு உக்குவளையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். அவருடைய கணவர் வளைகுடா நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனவர், எட்டாம் மாதம் பெட்டியில் திரும்பி வந்தார். அதன்பிறகு வீட்டில் யாராவது "ஃபொரின்" என்றாலே அக்காவுக்கு நெற்றியில் வியர்த்துவிடும்.

எனக்கு மொரிசியஸ் வேலை கிடைத்தபோது அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு உக்குவளையிலிருந்து மொரிசியஸ் போய் நல்லபடியாகத் திரும்பியவர்களைத் தேடிப் போய் விசாரித்துவிட்டு, சரி என்றார். ஒரு வருடம் நன்றாகப் போனது. அப்புறம் கம்பெனி என்னை மடகஸ்காரில் திறந்த புது ஃபெக்டரிக்கு மாற்றியது. குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம், குவார்ட்டர்ஸ் உண்டு என்றார்கள். அப்போது நிதுஷாவுக்கு ஒரு வயது.

"ஆப்பிரிக்கா பக்கம்னு சொன்னா அக்கா பிள்ளைய விடாது," என்றாள் சுகந்தி. "மொரிசியஸுன்னே இருந்துட்டுப் போகட்டும்."

நானும் தலையாட்டினேன். அக்காவைக் காப்பாற்றுவதாக எங்களுக்கு நினைப்பு.

மூன்று வருடம் அங்கே இருந்தோம். ஃபெக்டரி மலைப்பகுதியில், நம் நுவரெலியா போலக் குளிர். மதிலுக்குள்ளேயே குவார்ட்டர்ஸ். முதல் வருடம் சுகந்தி கேட்டைத் தாண்டவே பயப்பட்டாள். பாஷை தெரியாது, கடைக்குப் போனால் விரலைக் காட்டித்தான் சாமான் வாங்க வேண்டும். பிள்ளைக்கு இருமல் வந்தால்கூட யாரிடம் சொல்வது என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். நிதுஷாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. நர்சரிக்குப் போய் அந்த ஊர்ப் பாஷையைப் பிடித்துக்கொண்டாள், தண்ணீரை "ரானு" என்றாள்.

எனக்கு ஃபெக்டரியில் பயம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீடியோ கோல் வரும்போதுதான் பயம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவோம். ஜன்னல் பக்கம் போனைத் திருப்ப மாட்டோம். வாராவாரம் பொய்க்கு ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தோம். கடைசி வருடம் அக்கா, தீவு என்கிறீர்களே, ஒரு போட்டோவிலும் கடலைக் காணோமே என்று கேட்டுவிட்டார். சும்மாதான் கேட்டார். எங்களுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

கொன்ட்ராக்ட் முடிந்து ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது வேன் பிடித்து மலையிறங்கி, கரையோர ஊர் ஒன்றுக்குப் போனோம். எதற்கு? பிள்ளையைக் கடலுக்கு முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ எடுப்பதற்கு. கரைப்பக்கம் மலேரியா இருக்கிறது, மாத்திரை போடாமல் போகாதீர்கள் என்று ஃபெக்டரி நர்ஸ் கையில் கொடுத்தே அனுப்பினார். நிதுஷா கசப்பென்று துப்பினாள். இரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நானும் விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அவள் கால் முழுக்க நுளம்பு கடித்துச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. போட்டோவில் கால் தெரியாமல் இடுப்புக்கு மேலே எடுத்தேன்.

கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் இறங்கியதும் ஒரு பலகை இருந்தது. மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருகிறவர்கள் இந்த மேசைக்கு வரவும் என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. வெளியே அக்கா காத்துக்கொண்டிருந்தார். மூன்று பாஷையும் வாசிக்கத் தெரிந்த நான், எதுவுமே தெரியாதவன் போலத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

3. உடைந்த ஊசி

அக்கா வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் தொடங்கியது. உக்குவளையில் அப்போது மழை, எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு டெங்கு. டிஸ்பென்சரி டொக்டர் பெனடோல் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிளேட்லெட் குறைகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். அங்கேதான் அந்தக் கேள்வி, அந்தப் பொய்.

பிள்ளை காய்ச்சலில் "ரானு, ரானு" என்று அனத்தினாள். அது என்ன என்று அக்கா கேட்டார். மொரிசியஸ் பாஷையில் தண்ணி என்றாள் சுகந்தி. சொல்லும்போது என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் டெங்கு சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. டொக்டருக்குச் சந்தேகம். சிங்களத்தில் திரும்பவும் என்னிடம் கேட்டார், மொரிசியஸ் மட்டும்தானா, வழியில் வேறெங்கும் தங்கவில்லையா என்று. இந்தத் தடவை அக்கா பக்கத்தில் இல்லை. சொல்லியிருக்கலாம். சொன்னதை எப்படி மாற்றுவது என்ற வெட்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. இல்லை என்று தலையாட்டினேன். சொல்லிவிடுவோமா என்று சுகந்தி படிக்கட்டில் வைத்து என்னைக் கேட்டாள். டெங்கு இரண்டாம் சோதனையில்தான் சிலநேரம் காட்டும் என்கிறார்களே, பொறு என்றேன். உண்மையில் எனக்கு மலேரியா என்ற சொல்லை வாயால் சொல்லவே பயம். சொல்லிவிட்டால் அது அதுவாகவே ஆகிவிடும் என்பது போல ஒரு மடத்தனம்.

மூன்றாம் நாள் காலையில் நான் வேலைக்குப் போனேன். நாவுல பக்கம் ஒரு ஃபெக்டரியில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, கேட்ட இரண்டு நாள் லீவும் முடிந்துவிட்டது. நாலாம் லைனில் சின்னப் பிள்ளைகளின் காற்சட்டை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மெஷின் இடையிடையே தையல் விடுகிறது என்று கூப்பிட்டார்கள். மெஷினில் ஏதாவது தொட்டாயா என்று ஒப்பரேட்டர் பிள்ளையிடம் கேட்டேன். நாலந்தா பக்கத்துப் பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு மாதம். ஒன்றும் தொடவில்லை என்றாள்.

கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்தது ஓரம் தைக்கும் ஓவர்லொக் மெஷினின் ஊசி. அந்த மெஷினுக்கு அது பொருந்தாது. எங்கள் தொழிலில் ஊசி உடைந்தால் ஒரு சட்டம் உண்டு. உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி, ஒரு பேப்பரில் வைத்து டேப் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் லைனை நிறுத்தித் தேட வேண்டும். இவள் ஊசி உடைந்ததைச் சொல்லாமல் பக்கத்து மெஷினில் இருந்த ஊசியை எடுத்து மாட்டியிருக்கிறாள்.

லைனை நிறுத்தினோம். தைத்து முடித்ததை ஒவ்வொன்றாக ஊசித் துண்டு கண்டுபிடிக்கும் டிடெக்டரில் போட்டோம். நாற்பதோ ஐம்பதோ உருப்படி போனபிறகு ஒன்றில் மெஷின் கத்தியது. இடுப்புப் பட்டி மடிப்புக்குள் ஊசி முனை. நான் காற்சட்டையைத் திருப்பி லேபிளைப் பார்த்தேன். நாலு வயது சைஸ்.

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"பயமா இருந்துச்சு சார். ஏசுவாங்கன்னு."

அதற்குமேல் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. சுப்பவைசரிடம் ஒன்றும் சொல்லாமல் பொய்லர் ரூம் பக்கம் போய் சுகந்தியின் போனுக்கு அடித்தேன். போனை எடுத்தது அக்கா. சார்ஜ் பண்ணுவதற்காக வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தவர், பகல் சாப்பாட்டோடு ஆஸ்பத்திரி கேட்டில் நிற்கிறார். பன்னிரண்டு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள்.

யாரிடம் மூன்று வருடம் மறைத்தேனோ அவர் கையில்தான் போன் இருக்கிறது. உள்ளே போனதும் சுகந்தியிடம் கொடுங்கள் என்று சொல்லி வைத்துவிடலாமா என்று அப்போதும் ஒரு கணம் யோசித்தேன். அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் வெறுப்பு வரும்.

"அக்கா, நாங்க இருந்தது மொரிசியஸ் இல்ல," என்றேன். "மடகஸ்கார். அங்க மலேரியா இருக்கு. டொக்டருக்குத் தெரியாது. நான் பொய் சொல்லிட்டேன். இப்பவே போய்ச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் த்ரீவீல் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. ஏசப்போகிறார், அழப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அந்த ஊர்ப் பேர இன்னொருக்கா சொல்லுங்க தம்பி," என்றார்.

சொன்னேன். அவர் இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனை வைத்தார். நேரம் ஆகவில்லை என்று தடுத்த செக்யூரிட்டியை விலக்கிக்கொண்டு வார்டுக்கே ஓடியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாவுலயிலிருந்து மாத்தளைக்கு ஒரு மணித்தியாலம். பஸ்ஸில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலந்தாவில் டிரைவர் இறங்கி ஆற அமர யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. போன் கையில்தான் இருந்தது, எடுத்துக் கேட்கத் தைரியமில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அக்காவின் கணவர் வந்த பெட்டி ஞாபகம் வந்தது. பிள்ளைக்கென்றால் அதன் சைஸ் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும், வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

4. விரல் நுனியில் ஒரு துளி

நான் போய்ச் சேர்ந்தபோது இரத்தம் எடுத்துப் பார்த்து முடித்திருந்தார்கள். மலேரியா. அதிலும் மூளைக்கு ஏறக்கூடிய வகை. மலேரியா ஒழிப்பு ஒபிஸிலிருந்து மருந்தோடு வாகனம் வந்துகொண்டிருந்தது. டொக்டர் என்னை ஏசவில்லை. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் பிள்ளைக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. சுகந்தி கட்டில் கம்பியைப் பிடித்தபடியே இருந்தாள். மூன்றாம் நாள் ஊசி போட வந்த நர்ஸின் கையை நிதுஷா தட்டிவிட்டு வீட்டுக்குப் போகணும் என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரம் சுகாதார ஆட்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். நோய் இங்கே யாருக்கும் தொற்றிவிடக்கூடாது என்று கிணறு, வாளி, தண்ணி தேங்கிய இடமெல்லாம் நுளம்பு தேடினார்கள். எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் எல்லோருக்கும் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். மொரிசியஸ் மடகஸ்காரான கதை அரை மணித்தியாலத்தில் தெரு முழுக்கப் பரவியது. தலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அக்காதான் முதல் ஆளாக விரலை நீட்டினார். அதுவரை அவர் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

நான் பக்கத்தில் போய், உங்களுக்குப் பயமாக இருக்கும் என்றுதான் அக்கா சொல்லாமல் விட்டோம் என்றேன்.

அக்கா விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு, "பயந்திருப்பேன்தான்," என்றார். "பயந்துக்கிட்டு இங்கன உக்காந்திருப்பேன். அதனால யாருக்கு என்ன தம்பி வந்திருக்கும்?"

அடுத்ததாக நான் விரலை நீட்டினேன்.

இப்போது பையன்கள் என்னிடம், போகிற நாட்டுப் பேரை வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள் சார், வேறு பேர் சொல்லவா என்று கேட்பதுண்டு. பயப்படட்டும் என்கிறேன். வீட்டில் ஒருவர் பயந்துகொண்டு இருப்பது நல்லது. நீ மறப்பதை அவர் மறக்க மாட்டார்.

போன வருடம் புது மெஷின் பூட்டிக் கொடுக்க ஆறு வாரம் கென்யா போனேன். டிக்கெட் வருவதற்கு முன்பே அக்காவிடம் ஊர்ப் பேரைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. ஆறு வாரமும் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று கோல். மாத்திரை போட்டாயிற்றா என்பதுதான் முதல் கேள்வி. திரும்பி வந்து உக்குவளை வீட்டு வாசலில் இறங்கினால், அக்கா மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, வெளியே த்ரீவீலைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். என் பையை வாங்கிச் சுகந்தியிடம் கொடுத்துவிட்டு என்னை அதில் ஏறச் சொன்னார்.

"மொதல்ல ரத்தம் குடுத்துட்டு வாங்க. சோறு அப்பறம்."