மறுநாள் வந்து கேட்பவர்

உரிமம் வாங்கி வைத்திருந்த என் கைத்துப்பாக்கியின் விசை இறுகிவிட்டது. வாரண்டி இருந்தும் பயனில்லை. தர்மபுரி மாவட்டத்தில் அதைப் பிரிக்கத் தகுதியான ஆள் இல்லை, சென்னைக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்று கம்பெனியில் கைவிரித்துவிட்டார்கள். பொறுமையில்லாமல் கடத்தூரில் மோட்டார் ரிப்பேர் செய்பவரிடம் போனேன்.

ஒல்லியான ஆள். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். எதைச் சரிசெய்து கொடுத்தாலும் மறுநாள் வீடு தேடி வந்து, "நல்லா ஓடுதுங்களா?" என்று கேட்பது அவர் வழக்கம்.

துப்பாக்கியைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இதுக்கு எனக்கு லைசன்ஸ் இல்லீங்க. யார் மேல கோவம்?"

"அண்ணன்கூட கிணத்துத் தகராறு. சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"இப்படித்தாங்க முன்ன ஒருத்தரு சொன்னாரு. ஸ்பிரிங் மாத்திக் குடுத்தேன். மறுநாள் கேக்கப் போனேன். வூட்டு வாசல்ல அவரு தம்பிக்குப் பாடை கட்டிக்கிட்டிருந்தாங்க. இன்னிக்கு வரைக்கும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலீங்க."

எரிச்சலோடு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்றார். எனக்குத்தான் அவர் எதையும் சரிசெய்து தரவில்லையே என்று நினைத்தபடி வெளியே வந்தேன்.

"அண்ணன் நல்லா இருக்காருங்களா?" என்று கேட்டார்.

இருக்கிறார் என்று சொல்ல எனக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியவில்லை.