ஒன்பது கெஜம் குறைந்த திடல்

எங்கள் அலுவலகத்தில் ட்ரேசிங் வேலைக்கு இரண்டு பெண்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். முதன்முதலாக இடம் அளக்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கேட்டார்கள். என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, கொடுத்தேன். அதில் கடைசி இரண்டு வரிகள் மட்டும் அவர்களுக்கு விளங்கவில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வரிகள் அவை. மலாயாவில் அவசரகாலக் கெடுபிடி கடுமையாக இருந்தபோது ஒரு கால்பந்துத் திடலை அளக்கப் போய் நான் சேர்த்துக்கொண்டவை. இப்போது மலாக்காவில் எங்கள் பக்கம் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

1. கேட்

நான் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. கோலாலம்பூரில் படம் வரையும் பயிற்சி முடித்துவிட்டு, மலாக்காவில் ஒரு சர்வேயர் அலுவலகத்தில் இருந்தேன். கிளேபாங்கிலிருந்து பஸ்ஸில் வருவேன், மேசையில் உட்கார்ந்து பிளான்களைப் பிரதி எடுப்பேன், திரும்பிப் போவேன். வெளி வேலை கிடையாது.

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அலோர் காஜாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பந்து கிளப் கேட்டு வந்திருக்கினம். பழைய கிரவுண்டைப் பெருப்பிக்கிறதோ, டவுனில புதுசாப் போடுறதோ எண்டு அவைக்குள்ள சண்டை. ரெண்டையும் அளந்து ரெண்டு பிளான் கீறிக்கொண்டு வாரும்."

"எது நல்லது என்றும் எழுதவா, சார்?"

"அது எங்கட வேலை இல்லை. அளவைச் சொன்னால் காணும்."

அளவுச் சங்கிலி பிடிக்க ஓர் ஆளையும், மட்டம் பார்க்கும் கருவியையும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த ரப்பர் தோட்டத்தில் சிதறிக் கிடந்த லயங்களை, தொழிலாளர் வீட்டு வரிசைகளையெல்லாம், ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு கேட் பூட்டப்படும். உள்ளே போகும்போது அடையாளக் கார்டைப் பார்த்தார்கள், கருவிப் பெட்டியைத் திறந்தார்கள், கருவியை நிறுத்தும் முக்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது டிபன் பெட்டியைத் திறந்தார்கள். பாதிச் சோறு மிச்சம் இருந்தது.

"நாசி தா போலே, காக்," என்றார் காவலில் இருந்த மலாய்க்காரர். சோறு கொண்டுபோக முடியாது, அக்கா என்று அர்த்தம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று, உணவு எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாது. பச்சரிசியும் சரி, பழஞ்சோறும் சரி.

நான் கேட்டருகே நின்றபடி மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். இது ஒரு சிறு தொல்லை என்று மட்டும்தான் அன்று நினைத்தேன்.

2. அளவு

பழைய திடல் கம்பிக்குள்ளே, லயங்களை ஒட்டி இருந்தது. நீளம் நான்கு சங்கிலி பதினான்கு லிங்க், அதாவது தொண்ணூற்றொரு கெஜம். முன்பு நூறு கெஜம் இருந்ததாம். கம்பி போட்டபோது மேற்குப் பக்கம் ஒன்பது கெஜத்தை வேலி தின்றுவிட்டது. கோல் கம்பத்தைப் பிடுங்கி உள்ளே நட்டிருந்தார்கள். வேலிக்கு அப்பால் பழைய கம்பக் குழிகள் இரண்டும் மழைத்தண்ணீர் நிறைந்து அப்படியே தெரிந்தன. அதற்கப்பால் முப்பது கெஜத்துக்கு மரம் செடி இல்லாத வெட்டவெளி. வேலியை நெருங்குகிறவனைக் காவல்காரர் பார்ப்பதற்காக வெட்டிவிட்டது. அதற்கப்பால் கித்தா, அதாவது ரப்பர் மரங்கள்.

அந்தக் குறுகிய திடலில் ஆடியே குழு முதல் டிவிஷனுக்கு வந்துவிட்டது. அங்கேதான் சிக்கல். முதல் டிவிஷனுக்கு நூறு கெஜம் வேண்டும் என்று லீக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சீசன் தொடங்குவதற்குள் திடல் இல்லையென்றால் குழுவுக்கு இடமில்லை.

கிளப் தலைவருக்கு அலோர் காஜாவில் ஜவுளிக்கடை. டவுன் ஓரத்தில் இருந்த தாழ்ந்த நிலத்தை அவர்தான் என்னிடம் காட்டினார்.

"பாருங்க மிஸ், இங்க போட்டா பஸ் நிக்கும், ஜனம் வரும், அந்தப் பக்கம் தகரக் கொட்டகை போட்டு நாலு வரிசை பெஞ்சு போடலாம். எஸ்டேட்டுக்குள்ள மேட்ச் வச்சா, கார்டு காட்டி, பையக் காட்டி, எவன் வருவான் சொல்லுங்க?"

குழுவின் கேப்டன் வீரையா. கோல்கீப்பர். மரம் வெட்டுகிறவர், அதாவது பால் எடுப்பவர். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். தலைவர் ஜனத்துக்காகக் கேட்டதை இவர் வேறொரு காரணத்துக்காகக் கேட்டார்.

"தூங்குறது கம்பிக்குள்ள, திங்கிறது கம்பிக்குள்ள. பெரட்டுக்கு நின்னு பேரு குடுத்துட்டுத்தான் மரத்துக்கே போறோம். வாரத்துல ஒரு நாளு, ரெண்டு மணி நேரம், பந்தாவது வெளிய போயி ஆடுறோமே மிஸ்."

அவருடைய அக்கா அஞ்சலை, திடலின் கிழக்கு ஓரத்தில் இருந்த பிள்ளைக் கொட்டகையில் ஆயா வேலை பார்ப்பவர். சங்கிலியின் மறு முனை அவர் கொட்டகை வாசலில்தான் போய் முடிந்தது. இடுப்பில் ஒரு குழந்தையோடு வந்து நின்றார்.

"போடா. வெளிய போயி ஆடு. எவ பார்க்கப் போறா? அந்தத் துணிக்கடைக்காரர்தான் உக்காந்து பார்க்கணும்."

"நீ பார்த்து என்னக்கா செஞ்சுட்ட? ஒரு கோல் விட்டா நாலு நாளைக்கு ஏசுவ."

"விடாதே. நான் ஏன் ஏசுறேன்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்க என்ன எழுதப்போறீங்க?"

"அளவு மட்டும்தான்கா."

"அதுல நாங்கல்லாம் வருவமா?"

வரமாட்டார்கள் என்பதுதான் உண்மை. நீளம், அகலம், சரிவு, வடிகால், மண், சாலையிலிருந்து தூரம் என்று என் தாளில் ஆறு தலைப்புகள் இருந்தன. பழைய திடல் நீளத்தில் தோற்றது. புதியது வடிகாலில் சற்றுப் பின்தங்கினாலும் மற்ற எல்லாவற்றிலும் முந்தி நின்றது.

3. லாரி

முடிவெடுக்கும் முன் புதிய இடத்தில் ஓர் ஆட்டம் ஆடிப் பார்ப்பது என்று கமிட்டி தீர்மானித்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. ஆறு மணிக்குள் லாரி தோட்டத்துக்குத் திரும்பியாக வேண்டும். பாயா ரும்புட் பக்கத்துத் தோட்டக் குழு ஒன்றை அழைத்திருந்தார்கள். நிலத்தின் மட்டம் பார்க்க எனக்கும் அன்றுதான் வசதிப்பட்டது. தோட்டத்து லாரியிலேயே போய்விடலாம் என்று கேட்டில் காத்திருந்தேன்.

எங்கள் பக்கத் தோட்டக் குழுக்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் திடலில் ஆட்டமோ, அவர்கள் வந்த குழுவுக்குச் சோறு போட்டுத்தான் அனுப்புவார்கள். தோற்றாலும் போடுவார்கள், ஜெயித்தால் ஒரு கறி கூடும். இந்தத் தோட்டத்தில் பிள்ளைக் கொட்டகை அடுப்பில் அஞ்சலையும் மூன்று நான்கு பெண்களும் சேர்ந்து சமைப்பார்கள்.

அன்றும் சமைத்திருந்தார்கள். இரண்டு பெரிய சட்டிகளை வாழையிலை போட்டு மூடி, கம்பு கோத்து, கேட் வரை தூக்கி வந்தார்கள். காவல்காரர் இலையை விலக்கிப் பார்த்தார். அவரும் சங்கடப்பட்டார் என்றே நினைக்கிறேன்.

"தா போலே, காக். துவான் மாரா," என்றார். முடியாது, துரை கோபிப்பார் என்று.

"பந்து ஆடுறவங்களுக்குலா. மாக்கான் போலா," என்றார் அஞ்சலை, அவருக்குத் தெரிந்த மலாயில். பந்துச் சாப்பாடு என்று சொல்ல நினைத்தது, பந்தைச் சாப்பிடு என்று வந்துவிட்டது.

காவல்காரர் சிரித்துவிட்டார். ஆனால் சட்டியை விடவில்லை. லாரியில் போவதற்கும் ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி. லயத்துப் பெண்களுக்கு இல்லை.

லாரியில் ஏறி நின்ற வீரையா நேரத்தைப் பார்த்தார். "விடுக்கா. டவுனுல ஏதாச்சும் வாங்கிக் குடுத்துக்கலாம். லேட்டாவுது."

சட்டிகளைத் திருப்பித் தூக்கிப் போனார்கள்.

ஆட்டம் நன்றாகவே நடந்தது. டவுன் ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள். தலைவர் சொன்னது சரிதான். தோட்டத்துக் குழு ஒரு கோலில் ஜெயித்தது. முடிந்ததும் வந்த குழு மர நிழலில் உட்கார்ந்தது. அவர்கள் எழுந்து போகவில்லை. சோறு வரும் என்று காத்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. தலைவர் காப்பிக் கடைக்கு ஆளனுப்பி ரொட்டியும் தேத்தண்ணியும் வரவழைத்தார்.

வந்த குழுவின் கேப்டன் மூத்தவர். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வீரையாவிடம் சொன்னார்: "பரவால்லப்பா. நாங்க சாப்பிட்டுத்தான் வந்தோம்." சற்றுக் கழித்து, "போன வருசம் ஒங்க அக்கா வச்ச கருவாட்டுக் கொழம்பு இன்னும் நாக்குல இருக்கு," என்றார்.

அவர்கள் சாப்பிட்டுவிட்டு வரவில்லை. மூன்று மணி ஆட்டத்துக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு யாரும் வருவதில்லை.

லாரியில் திரும்பும்போது வீரையா என் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைசில ஒரு பந்து தாவிப் புடிச்சேனே, பார்த்தீங்களா மிஸ்?"

"இல்லை. நான் அப்போது மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"அப்ப நம்ம ஆளு ஒருத்தர்கூடப் பார்க்கல," என்றார்.

4. வேலி

மறுவாரம் கமிட்டி கூடியது. தலைவர் புதிய திடலுக்குக் காரணங்கள் சொன்னார். எல்லாம் சரியான காரணங்கள். வீரையா எழுந்து, "கெஸ்டுக்குச் சோறு போட முடியாத எடத்த எங்க கிரவுண்டுன்னு எப்படிங்க சொல்றது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஆட்டக்காரர்களின் ஓட்டு அவர் பக்கம் போனது. தலைவர் மனம் வருந்தியதாகத் தெரியவில்லை. "சரி, அப்ப அந்த ஒம்பது கெஜத்த யாரு குடுப்பா?" என்று மட்டும் கேட்டார்.

கிழக்கே நீட்டினால் பிள்ளைக் கொட்டகையை இடிக்க வேண்டும். மேற்கே வேலி. வேலி அசையாது என்று போலீசில் முன்பே சொல்லியிருந்தார்கள். ஏன் அசையாது என்று யாரும் கேட்கவில்லை. முதலாளியிடம் சொன்னேன். "கேட்டுப் பாரும். காரணம் ஒரு அளவாத்தான் இருக்கும். அளவெண்டால் எங்களால ஏலும்," என்றார்.

தோட்டத்துக் கணக்கர், கிராணி என்பார்கள், மேனேஜர் துரையிடம் சொல்லி, துரை என்னைப் போலீஸ் அதிகாரியிடம் அழைத்துப் போனார். காரணங்கள் இரண்டு. ஒன்று, வேலிக்கு வெளியே முப்பது கெஜம் வெட்டவெளி இருக்க வேண்டும். இரண்டு, வேலி நேராக இருந்தால்தான் காவல் கொட்டகையிலிருந்து அதன் வெளிப்புறம் முழுதும் தெரியும். ஓரிடத்தில் பெட்டி மாதிரி வெளியே இழுத்தால் அதன் மறுபக்கம் மறைந்துவிடும்.

நான் படம் வரைந்து காட்டினேன். திடலின் மேற்கு முனையில் மட்டும் வேலி ஒன்பது கெஜம் வெளியே வரும். மூலைகள் செங்கோணமாக இல்லாமல் நீளச் சாய்ந்து வரும். அப்படிச் செய்தால் மறையும் இடம் மிகக் குறைவு. அதிகாரி காவல் கொட்டகைக்கே வந்து, நான் நட்ட குச்சிகளைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். வெட்டவெளி குறையாமல் இருக்க அந்தப் பக்கம் இரண்டு வரிசை கித்தா மரம் போக வேண்டும். துரை சொன்னார், அவை கிழ மரங்கள், எப்படியும் அடுத்து மறுநடவுக்கு வெட்ட இருந்தவை என்று.

அந்த மரங்கள் யார் நிரை, அதாவது யார் பால் எடுக்கும் வரிசை, என்று கேட்டது கிராணிதான். வீரையாவின் நிரை. முப்பது மரம் போல. லயத்துக்கு மிக அருகே, சமதரையில் இருந்தவை. மாற்று மரம் மலைப்பக்கம்தான் கிடைக்கும்.

வீரையா வந்து பார்த்தார். "கிட்டக்க இருக்கறதெல்லாம் போவுது. இனி மலையேறணும்." மரத்தில் பால் பிடிக்கத் தொங்கிய மங்குக் கிண்ணத்தைக் கழற்றினார். "வெட்டுங்க. காலுக்கு நல்லதுதான். கீப்பர்லா."

5. புள்ளிக் கோடு

சீசனின் முதல் ஆட்டத்துக்கு லீக்காரர்கள் டேப்புடன் வந்தார்கள். கம்பங்களைப் பழைய குழிகளிலேயே நட்டிருந்தோம். நூறு கெஜம் சரியாக இருந்தது. பிள்ளைக் கொட்டகை அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. லயத்துப் பெண்கள் சாய்ந்த வேலியின் இரு மூலைகளிலும் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பிளான் வரைந்தபோது அந்த இரண்டு முக்கோணங்களையும் நான் பயன்படாத இடம் என்று குறித்திருந்தேன்.

ஆட்டம் தொடங்குவதற்குமுன் வீரையா என் கையிலிருந்த பிளானை எட்டிப் பார்த்தார்.

"இந்தப் புள்ளி புள்ளியா போவுதே, என்ன மிஸ்?"

"பழைய வேலி இருந்த இடம். எல்லை மாறினால் பழையதைப் புள்ளிக் கோடாகக் காட்டுவது வழக்கம்."

அவர் விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். அங்கிருந்து கோல் வரை பார்த்தார். பின் அந்தத் தூரத்தை நடந்துபோய்க் கம்பங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, மூலையில் உட்கார்ந்திருந்த அஞ்சலையைக் கூப்பிட்டார்.

"அக்கா, பாத்துக்க. நான் கம்பிக்கு வெளியதான் நிக்கிறேன்."

"நில்லு, நில்லு. மொதல்ல பந்தப் புடி."

அன்று அவர் ஒரு கோல் விட்டார். லயமே பார்த்தது. ஆட்டம் சமனில் முடிந்தது. வந்த குழு சோறு தின்று, வாய் கழுவி, ஆறு மணிக்குள் புறப்பட்டுப் போனது. அஞ்சலை எத்தனை நாள் ஏசினார் என்று எனக்குத் தெரியாது.

பட்டியலின் கடைசி இரண்டு வரிகள் இவை. ஓர் இடத்தை அளக்கும்போது, அங்கே யார் சமைக்கிறார்கள், யார் உட்கார்கிறார்கள் என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளவும். எல்லை மாறினால் பழைய கோட்டை அழிக்க வேண்டாம். தான் எவ்வளவு தூரம் வெளியே வந்தோம் என்று நின்று பார்க்க ஒருவருக்கு அது தேவைப்படும்.